சுரண்டி எழுதிய பெயர்கள்

வியாழக்கிழமை, காலை ஆறு மணி. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. என் தோளில் ஒரு துணிப்பை, கையில் இரண்டு முனையும் மூடிய ஒரு பிளாஸ்டிக் குழாய். கண்டக்டர் குழாயைப் பார்த்துவிட்டு, "நீளச் சாமான் எல்லாம் பின்னுக்குப் போடணும்" என்றார். "இது என் மடியிலதான் வரும்" என்றேன். பள்ளிக்கூடங்களில் புவியியல் படிப்பித்துத் தொண்டை தடித்தவள் நான். அந்தக் குரலுக்குக் கண்டக்டர்களும் கட்டுப்படுவார்கள். டிக்கெட் எண்ணூற்றுச் சொச்சம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கரடியனாற்றுப் பெண். மடியில் இருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, கிணத்துக்குப் பைப்பா?"

"இல்லம்மா. இதுக்குள்ள ஒரு ஊர் இருக்கு."

என்னை ஒரு தினுசாகப் பார்த்தவர், உன்னஸ்கிரிய தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. போன வருடம் கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் சட்டம் போட்ட படமொன்றை வாங்கினேன். படம் கண்றாவி, சட்டத்துக்காகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பலகையைக் கழற்றியபோது உள்ளே மடித்து வைத்திருந்த தாள் ஒன்று விழுந்தது. துணியில் ஒட்டிய தடித்த தாள். அதில் யாரோ கையால் ஓர் ஊரை வரைந்திருந்தார்கள். வாவி என்று எழுதி நீலம் பூசிய நீர்நிலை, பள்ளிவாசல், கோயில், ஒழுங்கைகள், சின்னச் சின்னக் கூரை வைத்த வீடுகள். ஊரின் பெயர் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. வடக்கை மேலே வைத்து வரையவேண்டும் என்ற அடிப்படை அறிவும் வரைந்தவருக்கு இல்லை. மேலே இருந்தது நீர்.

என்னை உறங்கவிடாமல் செய்தவை இரண்டு விசயங்கள். ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு பெயர் இருந்தது. அத்தனையும் பெண்களின் பெயர்கள். ஆசியா உம்மா வளவு, பொன்னம்மா வளவு, சுலைகா வளவு, தங்கப்பிள்ளை வளவு. பேருக்குக்கூட ஓர் ஆணின் வீடு இல்லை. இரண்டாவது, பெயர் எழுதிய இடங்களில் பெரும்பாலானவை பிளேடால் சுரண்டப்பட்டிருந்தன. சுரண்டிய தழும்பின் மேல் புதுப் பெயர். சில இடங்களில் தாள் வெற்றிலைபோல மெலிந்து போயிருந்தது. கவனமில்லாத ஆள், தப்புத் தப்பாய் எழுதித் திருத்தியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். பெண் பெயர்களுக்கும் ஒரு முடிவு வைத்திருந்தேன். வளவு, உம்மா, வாவி என்றால் கிழக்கு மாகாணம். போர் நடந்த கிழக்கில் ஓர் ஊர் நிறையப் பெண்கள் மட்டும் என்றால் வேறென்ன? இது விதவைகளின் ஊர்.

அந்தத் துக்கத்தோடுதான் படத்தை முகப்புத்தகத்தில் போட்டு, இத்தனை விதவைகள் வாழ்ந்த ஊர் எது என்று கேட்டிருந்தேன். நாலைந்து பேர் அழுகைப் படம் போட்டார்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். தங்கேஸ்வரி என்று பெயர். "இது எங்கட ஊர். விதவைக் கதையை நேரில் வந்தால் பேசலாம். எங்கட வாசிகசாலைச் சுவரில் இப்ப ஊர்ப்படம் ஒண்டு கீறுறோம். ஒரு இடம் மட்டும் முடியாமல் கிடக்கு. சனிக்கிழமை திறப்பு. படத்தைக் கையோட கொண்டு வாங்கோ." முடியாமல் கிடக்கும் இடத்தை என் படத்தைப் பார்த்துப் பூர்த்தி செய்யப்போகிறார்கள் என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டே புறப்பட்டேன்.

பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மகா ஓயாவில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் காடு, காட்டுக்கப்புறம் சட்டென்று வயல். அறுவடை முடிந்த தாளடிகளில் மாடுகள் மேய்ந்தன. கரடியனாற்றில் இறங்கும்போது பக்கத்துப் பெண், "உங்கட ஊர் பத்திரம் அக்கா" என்று குழாயைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அதுவரை அதைத்தான் யோசித்திருக்கிறார் போலும்.

பகல் பன்னிரண்டரைக்கு மட்டக்களப்பு. அங்கிருந்து கல்முனை பஸ். கல்லடிப் பாலத்தில் ஜன்னலால் வாவியைப் பார்த்தேன். அதன் பேர்போன பாடும் மீனைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை என்று கண்டியிலேயே தீர்மானித்திருந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டு அந்த மீனே சலித்திருக்கும். காத்தான்குடியின் ஈச்ச மரங்களையும் துணிக்கடைகளையும் தாண்டி, ஆரையம்பதியும் கடந்து, பிரதான வீதியில் ஒரு சந்தியில் இறங்கினேன். கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாவி. நான் போகவேண்டியது மேற்கே. ஊரை இங்கே புன்னையடித்துறை என்றே சொல்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. நான் தங்கிய வீட்டுப் பெண்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

சந்தியில் நின்ற ஆட்டோக்காரர் ஜீவன், இருநூறு ரூபாய் கேட்டார்.

"ஆர்ர ஊட்ட போகணும் அக்கா?"

தங்குவதற்குத் தங்கேஸ்வரி ஏற்பாடு செய்திருந்த வீட்டின் குடும்பத் தலைவர் பெயரை நான் முறைப்படி கேட்டு எழுதி வைத்திருந்தேன். "ஹனீபா வீடு."

"ஹனீபாவா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "எந்த ஹனீபா? அவர் ஆர்ர புருசன்?"

என்ன கேள்வி இது என்று எனக்குப் பட்டது. பையைத் துழாவித் தாளைப் பார்த்து, "மனைவி பெயர் ரிபாயா" என்றேன்.

"ரிபாயா ஊடு! அத முதல்ல சொல்லப்புடாதா? அந்தாள் இஞ்ச கலியாணம் முடிச்சு வந்தவர்தானே. ஆம்புளட பேரச் சொன்னா ஊடு புடிக்க ஏலா அக்கா." ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நானும் இந்த ஊரிலதான் பிறந்த. இப்ப இருக்கிற வவுணதீவில, பொஞ்சாதிர ஊட்ட. என்னத் தேடி வந்தாலும் அவட பேரத்தான் கேக்கணும்."

"அப்போ வீடெல்லாம் பொம்பளைங்க பேர்லயா?"

"பொம்புளப் புள்ளைக்குத்தானே சீதனமா ஊடு குடுக்கிற. ஆம்புளப் புள்ளைக்கு ஊடு எதுக்கு? அவன் போற இடத்தில இரிக்கும்." பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "ஏன், உங்கட பக்கம் அப்பிடி இல்லியா?" என்றார்.

நான் மடியில் கிடந்த குழாயைப் பார்த்தேன். அதற்குள் இருந்த விதவைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் புருசன்மாரோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

பிற்பகல் இரண்டரை. வழியிலேயே வாசிகசாலையில் இறங்கிக்கொண்டேன். அது ஊரின் நடுவில், தமிழ்ப் பக்கமும் முஸ்லிம் பக்கமும் சந்திக்கிற ஒழுங்கையில் இருக்கிறது. தங்கேஸ்வரி அதன் பொறுப்பாளர். நாற்பது வயது மதிக்கலாம். வாசலில் நின்று, "விதவை டீச்சர் வந்திட்டா" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். உள்ளே ஏணியின் மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

ஏணியில் நின்றவர் நசீரா. ஐம்பதுகளின் இறுதியில் இருப்பவர், முந்தானையால் தலையை இறுக்கிச் சுற்றியிருந்தார், விரல்களில் நீல எனமல் பெயின்ட். தையற்காரி. சட்டைகளுக்குப் பூ வேலை கீறிப் பழகிய கை. அதனால் ஊர்ப்படத்தை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் பார்த்துக் கீறியிருக்கிறார். சுவர் முழுக்க ஊர் விரிந்து கிடந்தது. இங்கும் வாவி மேலேதான்.

"வடக்கு எங்கே?" என்று கேட்டேன். பழக்கதோசம்.

"வடக்க வெச்சு என்னகா செய்யிற?" என்றார் நசீரா. "றோட்டால உள்ளுக்கு வந்தா முன்னுக்கு என்ன தெரியும்? வாவி. முன்னுக்குத் தெரியிறதத்தானே மேல வைக்கணும்."

குழாயைத் திறந்து படத்தை மேசையில் விரித்தேன். இரண்டு பெண்களும் குனிந்தார்கள். பிறகு தங்கேஸ்வரி தழும்பு ஒன்றைத் தொட்டு, "எங்கட அம்மா" என்றார். சுரண்டிய இடத்தில் புதுப் பெயருக்கு அடியில் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தது. "அம்மம்மாட பேரச் சுரண்டி அம்மாட பேரப் போட்டிருக்கு. அம்மாட கலியாணத்தோட மாத்தியிருப்பார்."

வரைந்தவர் பெயர் சீனித்தம்பி என்று அவர்கள் சொல்லித் தெரிந்தது. தமிழரா முஸ்லிமா என்றேன். "அந்தப் பேர் ரெண்டு பக்கமும் இரிக்கி" என்றார் நசீரா. "இவர் எங்கட பக்கம். ஆனா ரெண்டு பக்கத்துக்கும் அழைப்புச் சொல்ற ஆள் அவர்தான்." கலியாணமோ கந்தூரியோ கோயில் சடங்கோ, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன நாள் இன்ன விசேடம், வந்து சேருங்கள் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாமல் அந்த வீட்டார் வரமாட்டார்கள். ஒரு வீடு விடுபட்டால் அந்தப் பகை அடுத்த தலைமுறைக்கும் போகும். ஒரு வீடும் விடுபடக்கூடாது என்றுதான் அவர் படம் கீறி வைத்திருந்தார். மகளுக்குக் கலியாணமாகி வீடு அவள் கைக்குப் போனதும், தாயின் பெயரைச் சுரண்டி மகளின் பெயரை எழுதினார். கவனமில்லாத ஆள் என்று நான் முடிவு கட்டியவர், இலங்கையிலேயே தன் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட ஆளாக இருக்கலாம். மானசீகமாக அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவைத்தேன்.

இரண்டு பக்கமும் சந்திக்கிற அந்த ஒழுங்கையில் மட்டும் சில வீடுகள் சுரண்டப்பட்டிருந்தன. மேலே புதுப் பெயர் எழுதப்படவில்லை. வெறும் தழும்பு. நான் விரலை வைத்தேன், கேட்கவில்லை. "அது ரெண்டு பக்கமும் சண்டைபிடிச்ச பிரச்சினைக் காலம்" என்று மட்டும் தங்கேஸ்வரி சொன்னார். நசீரா படத்தின் அந்தப் பகுதியைக் கையால் நீவி நேராக்கினார். அந்த இடத்தில்தான் இப்போது வாசிகசாலை நிற்கிறது.

அப்போதுதான் சுவரில் முடியாமல் கிடந்த இடத்தைக் கவனித்தேன். துறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வளவு. அதில் நாலு வீடுகள், கூரை கிணறு எல்லாம் போட்டாயிற்று. பெயர்கள் மட்டும் இல்லை. ஊர் முழுக்கப் பெயரிருக்க, அந்த நாலு வீடும் பல் விழுந்த வாய்போல இருந்தன. "அது ஆருடைய வளவு?" என்றேன். நசீரா தூரிகையைத் தின்னரில் அலசத் தொடங்கினார். அலசி முடியவே இல்லை.

தங்கேஸ்வரி என்னை ரிபாயா வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் சொன்னார். அது நசீராவின் தாய் சுலைகாவின் வளவு. தகப்பன் நேரத்தோடு இறந்துவிட்டார். ஐந்து பெண் பிள்ளைகள், நசீரா மூத்தவர். குவைத்துக்குப் போனார். ஒவ்வொரு தங்கைக்கும் மாப்பிள்ளை பேசும்போது ஒரு வீடு கட்ட அனுப்பினார். தாயின் பழைய வீடு இரண்டாவது மகளுக்குப் போனது. மற்ற மூன்று பேருக்கும் மூன்று புது வீடு. நாலு வீடு, நாலு தங்கச்சி. "நசீரா ராத்தாக்கு ஊடில்ல டீச்சர். ரிபாயா ஊட்டுல முன்னறையில இரிக்கா. எல்லாற்ற பேரையும் எழுதிப்போட்டு அந்த வளவுக்கு வந்ததும் கை நிண்டுட்டு. நாளண்டைக்குத் திறப்பு."

"வீடில்லாட்டி ஒரு மூலையில அவங்க பேரையும் எழுதிடலாமே?"

"ஊடில்லாத ஆள இந்தப் படத்தில எங்க வைக்கிற?" என்றார் தங்கேஸ்வரி.

வியாழன் இரவுச் சாப்பாடு ரிபாயா வீட்டில். பிட்டும் வாவி இறால் கறியும். பிறகு எருமைத் தயிர். ரிபாயா தங்கைகளில் கடைசி. கலகலப்பான பெண், சாப்பாட்டைத் தட்டில் தள்ளிக்கொண்டே இருப்பார். கணவர் ஹனீபா காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில் வேலை. ஆட்டோக்காரர் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதானே டீச்சர். இத்தன வருசமா இரிக்கன். ஊராக்களுக்கு நான் இன்னும் மாப்புளதான்." அவர்களுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் ஏறாவூரில், மற்றவர் ஓட்டமாவடியில், அவரவர் மனைவி வீட்டில். மகள் இல்லை.

சாப்பிட்டு முடித்து நானும் நசீராவும் முன்னறையில் உட்கார்ந்தோம். ஒரு கட்டில், தையல் மெசின், ஜன்னலுக்கு வெளியே வாவிக் காற்று. கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நீங்க கல்யாணம் பண்ணிக்கலையா?"

"எனக்கும் மாப்புள வந்திச்சி. வந்தவங்களும் ஊடு கேட்டாங்க. எந்த ஊட்டக் காட்டுற?" அதில் கசப்பில்லை, பழகிய பகிடிபோலச் சொன்னார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அது போகட்டும் டீச்சர். எனக்கு அது கவலயில்ல. ஒண்டே ஒண்டுதான். ஒரு கலியாணத்துக்குச் சொல்ல ஆக்கள் வருவாங்க. வாசல்ல நிண்டு 'ரிபாயா' எண்டு கூப்பிடுவாங்க. நான் இந்த மெசினில இரிப்பன். எல்லாம் கேக்கும். நானும் போவன்தான், ரிபாயா ஊட்டோட. இந்த வயசு வரைக்கும் என்ட பேரச் சொல்லி ஆரும் வாசல்ல நிண்டு கூப்பிட்டதில்ல." மெசின் சக்கரத்தைக் கையால் சும்மா சுற்றினார். "சுவரில அந்த நாலு பேரையும் எழுதிட்டா, பிறகு நான் இல்லெண்டு நானே எழுதின மாதிரி."

அன்றிரவு படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். வாசிகசாலை மேசையில் கிடக்கும் என் பழைய படத்தில் ஏதாவது ஒரு வழி இருக்காதா, நசீராவுக்கென்று தாய் ஒரு துண்டு குறித்து வைத்திருக்கமாட்டாரா என்றுகூட நினைத்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கே வாசிகசாலைக்குப் போய்ப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். துறைக்குப் பக்கத்து வளவில் ஒரே ஒரு வீடு. சுலைகா வளவு. அடியில் சுரண்டிய இன்னொரு பெயரின் நிழல். அவ்வளவுதான். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். வாவியின் நீலம் மட்டும் பின்பக்கம் ஊறியிருந்தது. படங்கள் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் என்று நம்பி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு அது நல்ல அடி.

ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விசயம் வெடித்தது. மூன்றாவது தங்கை ஜெமீலா பக்கத்து வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "டீச்சர், சுவரில ரிபாயா ஊட்டுக்குப் பேர் போடாட்டியும் பரவாயில்ல. அது எப்பிடியும் என்ட சின்ன மகளுக்கு வாற ஊடுதானே" என்றார். மகளில்லாத வீடு சகோதரியின் மகளுக்குப் போவது இங்கே வழக்கம். ஜெமீலாவுக்கு இரண்டு மகள்கள். இரண்டு பேருக்கும் மாப்பிள்ளை பேசுகிறார்கள்; பெரியவளுக்குத் தாயின் வீடு. அவர் சொன்னதில் பேராசை இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

ரிபாயா கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அத ராத்தாக்குக் குடுக்கப் போறன்."

"எதக் குடுக்கப் போற?"

"ஊட்ட."

"ராத்தாக்கா?" ஜெமீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசில ராத்தாக்குச் சீதனமா?"

"ஓம், சீதனம்தான். மூத்தவ இளையவளுக்குக் குடுக்கலாம், இளையவ மூத்தவளுக்குக் குடுத்தா என்ன? ஊட்டு உறுதிப் பத்திரமும் அவட பேரில எழுதுவன். நானும் இவரும் இஞ்சயே ஒரு அறையில இரிப்பம்."

மெசின் சத்தம் நின்றது. நசீரா முன்னறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அவர் சந்தோசப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"நான் வெயிலில வெந்து கட்டின ஊட்ட எனக்கே சீதனமாத் தாறியா? எனக்கு ஆர்ர இரக்கமும் வேணாம்!"

"இரக்கமில்ல ராத்தா!" ரிபாயாவும் கத்தினார். "ஒவ்வொரு நாளும் வாசல்ல ஆக்கள் என்ட பேரச் சொல்லக்குள்ள உன்ட மெசின் நிக்கிது. நான் குசினிக்குள்ள நிண்டு கேக்கன். எனக்கும் காது இரிக்கி!"

நசீரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பது வயதுக்கு மேல் அழுவது எவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படித்தான் அழுதார், மறைக்கவில்லை. நானும் அழுதேன். ஹனீபாவைப் பார்த்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்னப் பாக்காதிங்க டீச்சர். இது பொம்புளயள்ற விசயம். ராத்தா ஊட்டுல இரிந்தாலும் எனக்குச் சோறு கிடைக்கும்" என்றார். சீதனமாய் வந்த வீட்டை அவர் அப்படி விட்டுக்கொடுத்தது சின்ன விசயமில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஜெமீலா மட்டும் எழுந்து நின்றார். "அப்ப என்ட புள்ள?"

நசீரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் இன்னும் உடைந்திருந்தது. "எனக்குப் பிறகு ஆருக்குப் போறதாம்? உன்ட மகளுக்குத்தானே. ஆனா முதல்ல அது என்ட ஊடாகணும். என்ட கையால குடுப்பன்."

ஜெமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். வாசல் கேற் சத்தமாக மூடியது.

மாலை ஐந்து மணிக்கு வாசிகசாலையில் நசீரா ஏணியில் ஏறினார். தங்கேஸ்வரி ஏணியைப் பிடித்தார். நான் பெயின்ட் பேணியைப் பிடித்தேன். முதல் மூன்று தங்கைகளின் பெயரும் மளமளவென்று எழுதப்பட்டன. நாலாவது வீட்டில் பென்சிலால் ரிபாயா என்று முன்பே மெல்லியதாகக் குறித்து வைத்திருந்திருக்கிறார். கீழிருந்து எனக்குத் தெரியவில்லை. பிளேடைக் கேட்டு வாங்கிச் சுரண்டினார். சுண்ணாம்புத் தூள் என் தலையில் விழுந்தது. பிறகு எழுதினார். எழுதி முடித்து ஏணியில் நின்றபடியே தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தங்கேஸ், இந்த எழுத்தக் கொஞ்சம் மெல்லிசாத்தான் போட்டிரிக்கன்."

"ஏன் ராத்தா?"

"ஜெமீலாட மகளுக்குக் கலியாணமாகி நானும் குடுக்கக்குள்ள சுரண்டுறது லேசு." திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இனி என்னையும் சுரண்டுவாங்கதானே!"

தன் பெயர் ஒருநாள் அழிக்கப்படும் என்பதை அவ்வளவு பூரிப்போடு சொன்ன ஆளை நான் கண்டதில்லை.

திறப்புக்கு அழைப்புச் சொல்லும் வேலை மிச்சமிருந்தது. சீனித்தம்பிக்குப் பிறகு அந்த வேலைக்கென்று ஆளில்லை. எங்கள் சுவருக்கு நாங்களே சொல்லுவோம் என்றார் தங்கேஸ்வரி. மஃரிப் தொழுகைக்கு முன்னர் தமிழ்ப் பக்கம், பிறகு முஸ்லிம் பக்கம். நானும் கூடவே நடந்தேன். ஜெமீலா வீட்டு வாசலில் தங்கேஸ்வரி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, வெகுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. "கேட்டன்" என்றார் ஜெமீலா. வருகிறேன் என்று சொல்லவில்லை.

கடைசி வீட்டுக்கு வந்தோம். முன்னறையில் வெளிச்சம். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கேஸ்வரி வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, சத்தமாகக் கூப்பிட்டார். "நசீரா ராத்தா! ஊட்டில ஆளிருக்கா?"

மெசின் நின்றது. அவர் உடனே வரவில்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். தங்கேஸ்வரிக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்; இன்னொரு தரம் கூப்பிட்டார்.

சனிக்கிழமை. திறப்பு பத்து மணிக்கு. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நான் புறப்படவேண்டும். கூட்டத்தில் ஜெமீலா கடைசி வரிசையில் நின்றார்; பக்கத்தில் சின்ன மகள். மகள் சுவருக்குக் கிட்டப் போய்ப் பெரியம்மாவின் பெயரை விரலால் தொட்டுவிட்டு வந்தாள். ஜெமீலா அவளை இழுக்கவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

பழைய படத்தை நசீராவிடம் நீட்டினேன். ஒரு சேகரிப்பாளருக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று சேகரிப்பாளர்களுக்கே தெரியும். இரவெல்லாம் மனத்தைத் தயார்படுத்தியிருந்தேன். அவர் வாங்கவில்லை.

"இத வெச்சு என்னகா செய்யிற? அதில உள்ள பேர் எல்லாம் மாறிட்டு. நீங்க கொண்டுபோங்க. நீங்கதான் பழச விரும்புற ஆள்."

கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் அதே குழாய். செங்கலடி தாண்டியதும் எங்கள் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. மலைகளுக்கு நம்பர், பக்டரிக்குப் பெயர், பங்களாவுக்கும் பெயர். எங்கள் லயம் அதில் ஒரு கறுப்புக் கோடு. அப்பாவோடு போன ஒரு நாள், நாம எங்க இருக்கோம் என்று கேட்டேன். அவர் அந்தக் கோட்டைக் காட்டினார். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் படப் பைத்தியம்.

திறப்பு விழா அழைப்புத் தாளைத் திருப்பி, அதே கறுப்புக் கோட்டைப் பென்சிலால் நீளமாக இழுத்தேன். அதைக் குடும்பத்துக்கு ஓர் அறையாக, காம்பராக்களாகப் பிரித்தேன். முதல் காம்பராவில் அம்மாவின் பெயரை எழுதினேன்: காளியம்மா. இரண்டாவது காம்பராவில் பென்சில் நின்றுவிட்டது. அது சுந்தரம் தாத்தா வீடு. அவருடைய சம்சாரம் என்னைத் தூக்கி வளர்த்தவர்; ஆத்தா என்றே கூப்பிட்டுப் பழகியதில் பெயர் வாயில் வரவே இல்லை. மகா ஓயா வரும்வரை யோசித்தேன். பிறகு ஹட்டனில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டாவது காம்பரா ஆத்தாவோட பேரு என்னடி?"

"எதுக்குக்கா இப்ப?"

"எழுதணும்."

"ராக்காயி" என்றாள் தங்கச்சி. பிறகு குரல் மாறி, "ராக்காயி, அக்கா" என்று இன்னொரு தரம் சொன்னாள்.

எழுதிக்கொண்டு, மூன்றாவது காம்பராவைக் கேட்டேன்.